காது கேளாதோருக்கான அரசு சேவைகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஆட்சியர் அலுவலகம் என்று அம்மாவும் நானும் அலைந்த காலத்தில், எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று சொல்ல ஆள் இல்லை. இப்போது எங்கள் மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாம் நடக்கும் நாட்களில் போய் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அங்கே என்னிடம் கேட்பவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. உதவித்தொகையும் படிவமும் அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்பும் முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் அது ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும்.

"காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். இதுக்குப் போய் மாற்றுத்திறனாளின்னு எழுதணுமா?"

மந்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. இரண்டு காதிலும் பேச்சு ஒலிகளில் 70 டெசிபெல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 டெசிபெல் வரை இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் என்று சான்று வேண்டும்.

பெயரில் ஒட்டிக்கொள்ளுமே என்று தயங்குகிறவர்கள் நிறைய. குறிப்பாகப் பெண் பிள்ளையைப் பெற்றவர்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: சான்று எடுக்காததால் காது கேட்கப் போவதில்லை, பரீட்சையில் கிடைக்கவேண்டிய கூடுதல் நேரம்தான் போகும்.

"ஆடியோகிராம்னு ஒரு சீட்டு கொடுத்தாங்க. கோடு கோடா இருக்கு, ஒண்ணும் புரியல."

எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் படம் அது. இடமிருந்து வலமாகப் போகப் போக ஒலி கீச்சென்று ஆகும். மேலிருந்து கீழே போகப் போக சத்தம் கூடும். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. குறி எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு சத்தம் வைத்தால்தான் கேட்கிறது என்று அர்த்தம். நாம் எதிரில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபெல். அதனால்தான் குறி 60-ஆவது கோட்டையும் தாண்டிக் கீழே இறங்கிய பிள்ளைக்கு வீட்டுப் பேச்சே நழுவிப் போகிறது.

சான்றுக்கு 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களின் சராசரியைப் பார்ப்பார்கள். அந்த நான்கு எண்ணையும் நீங்களே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சதவீதத்தில் சந்தேகம் வந்தால் உதவும்.

"ஒரு காது சுத்தமா கேட்காது. இன்னொரு காது நல்லாருக்கு. கார்டு கிடைக்குமா?"

40 சதவீதச் சான்று கிடைக்காது. காரணம் கணக்குதான். நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை 5-ஆல் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தைக் கூட்டி, 6-ஆல் வகுப்பார்கள். ஒரு காது 100, மறுகாது 0 என்று வைத்தால் 100-ஐ 6-ஆல் வகுக்கவேண்டும். கிட்டத்தட்ட 17 சதவீதம்தான் வரும்.

அதற்காக அந்தப் பிள்ளையை அப்படியே விட்டுவிடக் கூடாது. நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி வகுப்பில் இடம் மாற்றிக் கேளுங்கள். அதற்குக் கார்டு தேவையில்லை. நல்ல காதில் சளி, சீழ் என்று எது வந்தாலும் உடனே காட்டுங்கள். அந்த ஒரு காதை வைத்துத்தான் பிள்ளை படிக்கிறது.

"பையனுக்கு ரெண்டு வயசு ஆச்சு, கூப்பிட்டா திரும்பறதில்ல. அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாருன்னு மாமியார் சொல்றாங்க. கொஞ்ச நாள் பார்க்கலாமா?"

பார்க்கவேண்டாம். இந்த வாரமே போங்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்யும் சோதனை, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்கவேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இரண்டு வயது என்றால் ஏற்கெனவே தாமதம். "அப்பா லேட்டாகப் பேசினார்" என்ற ஒரே வாக்கியத்தால் வீணான வருடங்களை நான் நிறைய வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். அல்லது குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் போகலாம். பலர் அதை டெய்க் என்றுதான் சொல்வார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவும் அங்கே எழுதிக் கொடுக்கும். பச்சைக் குழந்தைக்கு ஓஏஇ என்ற சோதனை போதும். காதில் சின்ன அடைப்பான் வைத்து இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அதில் தேறவில்லை என்றால் பெரா சோதனை.

"பெரா டெஸ்ட்டுக்கு மயக்கம் கொடுப்பாங்களாமே, பயமா இருக்கு."

ஊசி குத்துவது, ஷாக் வைப்பது எதுவும் இல்லை. நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் பசை தடவி மெல்லிய ஒயர் ஒட்டுவார்கள். காதில் டிக் டிக்கென்று சத்தம் போகும். அந்தச் சத்தத்துக்கு நரம்பும் மூளைத்தண்டும் பதில் சொல்கிறதா என்று கணினியில் அலையாகத் தெரியும். குழந்தை அசையக் கூடாது என்பதால்தான் தூங்க வைக்கிறார்கள். தானாகத் தூங்காவிட்டால் மருத்துவர் முன்னிலையில் தூக்க மருந்து சிரப்பாகக் கொடுப்பார்கள்.

எங்கள் அம்மா கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். முந்தின இரவு நேரம் கழித்துத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். பஸ்ஸில் கண் மூடவிடாமல் வேடிக்கை காட்டிக்கொண்டே வாருங்கள். உள்ளே போய்ப் படுக்க வைத்ததும் பால் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடும். மருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டும், எத்தனை மணிக்கு மேல் பால் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஒயர் ஒட்டாது. சளி இருந்தால் முன்கூட்டியே சொல்லித் தேதி மாற்றிக்கொள்ளுங்கள்.

"காக்ளியர் ஆபரேஷன் இலவசம்னு சொல்றாங்க. பண்ணிட்டா உடனே பேசிடுவானா?"

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், உள்காதில் கருவி பொருத்தும் இந்த ஆபரேஷனை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். காப்பீட்டு அட்டையில் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகவேண்டும். வயது வரம்பு நெருங்கும்போது ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். மூன்று நான்கு வயதில் செய்வதைவிட ஒன்றரை வயதில் செய்தால் பேச்சு நன்றாக வரும்.

உடனே பேசமாட்டான். ஆபரேஷன் முடிந்து புண் ஆறச் சில வாரம் ஆகும். அப்புறம்தான் வெளிக்கருவியை மாட்டி "சுவிட்ச் ஆன்" செய்வார்கள். அன்றைக்குப் பிள்ளை பெரும்பாலும் அழும். பழக்கமே இல்லாத ஒன்று தலைக்குள் கேட்கிறது அல்லவா. அன்று முதல் அவன் கேட்பதில் பச்சைக் குழந்தை. பயிற்சியாளரிடம் வாரம் தவறாமல் போகவேண்டும். வீட்டில் நாள் முழுக்கப் பேசவேண்டும். வெங்காயம் உரிக்கும்போதுகூட "இது வெங்காயம், தோலை எடுக்கிறேன், கண்ணு எரியுது" என்று சொல்லிக்கொண்டே உரிக்கவேண்டும். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பாட்டி, அத்தை என்று வீட்டில் யார் இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு காது போயிருந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். உள்காது எலும்பாக இறுகிவிட்டால் கருவியைப் பொருத்தவே சிரமம். இன்னொன்று, ஆபரேஷன் இலவசம் என்றாலும் அப்புறம் வரும் ஒயர், பேட்டரி, உடைந்த பாகம் எல்லாம் வீட்டுச் செலவாகிவிடலாம். எது எத்தனை ஆண்டுக்குத் திட்டத்தில் அடங்கும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"சைகை மொழி சொல்லிக் கொடுத்தா பேச்சே வராதுன்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க. உண்மையா?"

இல்லை. எங்கள் வீட்டில் இந்தப் பயத்தை நம்பினோம். தம்பிக்கு ஏழு வயது வரை சைகையே கூடாது என்று கையைப் பிடித்து நிறுத்தினோம். பேச்சும் வரவில்லை, சைகையும் தெரியவில்லை. வயிற்று வலியா, பயமா, பள்ளியில் யாராவது அடித்தார்களா என்று எதையுமே அவனால் சொல்ல முடியவில்லை. சிறப்புப் பள்ளியில் சேர்த்த மூன்றாவது மாதம், மொட்டை மாடியில் என்னைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டி, நாம் நடந்தால் அதுவும் ஏன் கூடவே வருகிறது என்று கையால் கேட்டான். அவன் என்னிடம் கேட்ட முதல் "ஏன்" அதுதான்.

குழந்தைக்கு எந்த வழியிலாவது ஒரு மொழி சீக்கிரம் கிடைக்கவேண்டும். இந்திய சைகை மொழி வெறும் ஜாடை இல்லை, தனி இலக்கணம் உள்ள மொழி. கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். நாம் "உன் பேர் என்ன?" என்று கேட்கிற வரிசைதான், அதனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இது கைக்குச் சீக்கிரம் வரும். 2015-இல் டெல்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வீடியோவாக இலவசமாகப் போட்டிருக்கிறது. "சைன் லேர்ன்" என்ற செயலியிலும் அது இருக்கிறது. கருவி போட்ட பிள்ளைக்கும் சைகை உதவும். குளிக்கும்போது, தூங்கும்போது, பேட்டரி தீர்ந்தபோது அவனுக்குக் கேட்காது என்பதை மறக்கவேண்டாம்.

"யூடிஐடி கார்டு எப்படி எடுக்கறது? பழைய அடையாள அட்டைப் புத்தகம் இருக்கே, அது போதாதா?"

பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், ஆனால் அது மட்டும் போதாது. யூடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான 18 இலக்க எண் கொண்ட அடையாள அட்டை, இந்தியா முழுக்கச் செல்லும். ஸ்வாவலம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கவேண்டும். செல்போனிலேயே முடியும், முடியாவிட்டால் இ-சேவை மையத்தில் செய்துகொடுப்பார்கள். புகைப்படம், ஆதார், கையெழுத்து அல்லது கைநாட்டு, முகவரிச் சான்று, பழைய சான்று இருந்தால் அதுவும் வேண்டும். அப்புறம் மருத்துவக் குழு முன் நேரில் போகவேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரும், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டும் பார்த்துச் சதவீதம் போடுவார்கள்.

பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கட்டும். ஆதாரில் "எஸ் முருகன்", பள்ளிச் சான்றில் "முருகன் எஸ்" என்று இருந்தால்கூட பிறகு உதவித்தொகைக்கு அலையவேண்டியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்று கொடுத்தால், அது முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

"சோதனைக்குப் போகும்போது காது மிஷினைப் போட்டுட்டுப் போகணுமா, கழட்டிட்டா?"

எடுத்துக்கொண்டு போங்கள், சோதனையின்போது கழற்றச் சொல்வார்கள். சதவீதம் கருவி இல்லாத காதை வைத்துத்தான். "மிஷின் போட்டால் கேட்கிறதே, உனக்கெதற்குச் சான்று" என்று யாராவது சொன்னால் அது சரியில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

"டோக்கன் நம்பர் கூப்பிட்டது எனக்குக் கேட்கல. என் முறை போயிடுச்சு. மறுபடி கடைசில நிக்கச் சொல்றாங்க." (முகாமில் ஒரு பெண் தாளில் எழுதிக் காட்டிய கேள்வி)

காது கேட்காதவர்களுக்கான முகாமிலேயே பெயரைக் கத்திக் கூப்பிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. எண்களைப் பலகையில் எழுதினால் போதும், ஒரு சாக்பீஸ் செலவு. எழுதச் சொல்லிக் கேளுங்கள், மனுவாகவும் கொடுங்கள்.

அது நடக்கும்வரை ஒரு வழி. உள்ளங்கை அளவு அட்டையில் பெரிய எழுத்தில் இப்படி எழுதி லேமினேஷன் செய்துகொள்ளுங்கள்: "எனக்குக் காது கேட்காது. என் டோக்கன் எண் ____. என் முறை வந்ததும் கையசைத்துக் கூப்பிடவும்." எண்ணை அழித்து எழுத மார்க்கர் பேனா ஒன்று. உள்ளே போனதும் கூப்பிடுகிறவரிடம் நேராகக் காட்டிவிட்டு, அவர் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். என் தம்பி வங்கி, ரேஷன் கடை, ஆர்டிஓ ஆபீஸ் எல்லா இடத்துக்கும் இதைத்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறான்.

"கேம்ப்ல கொடுத்த மிஷின் கீ கீன்னு கத்துது. அப்பா கழட்டி டிராயர்ல போட்டுட்டார்."

கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் காது அச்சு, அதாவது கருவியில் காதுக்குள் நுழையும் பகுதி, சரியாக உட்காராததால் வருவது. கருவியில் கோளாறு இருக்காது. அச்சை அவரவர் காதுக்கு அளவெடுத்துச் செய்யவேண்டும். பிள்ளைகளுக்குக் காது வளர வளரச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கருவியையும் அவரவர் ஆடியோகிராமுக்கு ஏற்பச் சரிசெய்யவேண்டும். கொடுத்த இடத்திலேயே ஆடியாலஜிஸ்ட்டைப் பார்த்து "அச்சும் புரோகிராமும் சரிபார்க்கவேண்டும்" என்று கேளுங்கள்.

பேட்டரியின் மேல் உள்ள ஸ்டிக்கரை உரித்ததும் அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும், அதனால் போடும்போது மட்டும் உரியுங்கள். இரவில் கருவியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் ஊர் வியர்வைக்கு இது அவசியம். முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று பழக்குங்கள். 60 வயதுக்கு மேல், வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்றால் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் இலவசக் கருவி உண்டு.

"மாசம் எவ்வளவு பணம் வரும்?"

இரண்டு திட்டத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, கடுமையான பாதிப்பு போன்ற சில பிரிவுகளுக்கு மட்டும். காது கேளாமை மட்டும் இருந்தால் அது வராது. வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. 2023 ஜனவரியில் அது 1,500 ரூபாய் ஆனது. அதற்கு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். வேலை, குடும்ப நிலை எல்லாம் பார்ப்பார்கள்.

சம்பாதிப்பவர்களுக்கு வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய். காது கேளாத பிள்ளையைப் பராமரிக்கும் பெற்றோருக்கும் இதே அளவு உண்டு.

"பஸ்ல, ரயில்ல என்ன சலுகை?"

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அடையாள அட்டையைக் காட்டினால் இலவசம், துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. மற்ற அரசுப் பேருந்துகளில் கால் பங்குக் கட்டணம்.

ரயிலில்தான் சிக்கல். இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, முதல் வகுப்பில் பாதிக் கட்டணம் உண்டு. துணைக்கு வருபவருக்கும் உண்டு. ஆனால் காது கேளாமையும் பேச முடியாமையும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து இருக்கவேண்டும் என்பது விதி. கஷ்டப்பட்டுப் பயிற்சி எடுத்து நாலு வார்த்தை பேசக் கற்றவருக்குச் சலுகை போய்விடுகிறது. இது நியாயமில்லை என்று காது கேளாதோர் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். தகுதி உள்ளவர்கள் ரயில்வேயின் சொந்தப் படிவத்தில் அரசு மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி, ரயில்வேயின் இணையதளத்தில் தனி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அது இருந்தால் வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கலாம்.

"சிறப்புப் பள்ளியா, பக்கத்துல இருக்கிற சாதாரணப் பள்ளியா?"

சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி. சின்ன வயதிலேயே கருவி போட்டு, பேச்சு நன்றாக வந்த பிள்ளை பக்கத்துப் பள்ளியில் படிக்கலாம். ஒன்றியத்துக்கு ஒன்றியம் இருக்கும் சிறப்பாசிரியர் வருகிறாரா என்று மட்டும் விடாமல் கேளுங்கள். சைகையில் வாழும் பிள்ளைக்குத் தன்னைப் போன்ற பிள்ளைகள் வேண்டும். பாளையங்கோட்டை பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நடக்கிறது. அரசுச் சிறப்புப் பள்ளிகளும் விடுதியோடு இருக்கின்றன. மேலே படிக்க, சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பி.காம், பிசிஏ வகுப்புகள் உண்டு.

பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் ஒரு மணி நேரம் கூடுதலும் கேட்கலாம். தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். தேர்வு நெருங்கும்போது போனால் நடக்காது.

"அரசு வேலையில எவ்வளவு இடம்?"

மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் ஒரு சதவீதம் காது கேளாதோருக்கும் கேட்கும் திறன் குறைந்தோருக்கும். எல்லாப் பதவியும் திறந்திருக்காது. அறிவிப்பில் எந்தப் பதவிக்கு எந்தப் பிரிவு என்று அட்டவணை இருக்கும், அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். நேர்காணல் இருந்தால் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விண்ணப்பத்தோடே எழுதிக் கொடுங்கள்.

"காது கேட்காதவங்களுக்கு லைசென்ஸ் கொடுக்க மாட்டாங்கன்னு புரோக்கர் சொல்றார்."

கொடுப்பார்கள். 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம், காது கேளாதவரும் ஓட்டுநர் தேர்வில் தேறினால் உரிமம் பெறலாம் என்று சொன்னது. 2016-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் மாநிலங்களுக்கு அதை எழுதியது. தம்பி போனபோது கவுன்டரில் இருந்தவர் "ஹாரன் எப்படிக் கேட்கும்" என்றார். அவன் செல்போனில் பதில் தட்டிக் காட்டினான்: "கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டு ஓட்டுகிறவருக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படி. நான் கண்ணாடியைப் பார்த்து ஓட்டுவேன்." எட்டுப் போட்டுக் காட்டி வாங்கி வந்தான். அமைச்சகக் கடிதத்தின் நகல் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

"டாக்டர் என்னைப் பார்க்கவே மாட்டேங்கிறார். என்ன கேட்கணும்னாலும் எங்க அம்மாகிட்டதான் கேட்கிறார்." (வாட்ஸ்அப்பில் ஒரு கல்லூரி மாணவர்)

இதில் தப்பு டாக்டரிடம் மட்டும் இல்லை, என்னைப் போன்ற வீட்டு ஆட்களிடமும் இருக்கிறது. எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது தம்பியை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஐந்து நிமிடம் விளக்கினார். தம்பி "என்ன சொன்னார்?" என்று கேட்டான். "ஒன்றுமில்லை, மாத்திரை போட்டால் சரியாகும்" என்று இரண்டு சைகையில் முடித்துவிட்டேன். அவன் உடம்பைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்தது. அவன் அதை இன்றுவரை மறக்கவில்லை, நானும்தான்.

நீங்கள் செய்யக்கூடியது: மேலே சொன்ன அட்டையின் பின்பக்கத்தில் "என்னிடமே பேசவும். முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசவும், அல்லது எழுதிக் காட்டவும்" என்று எழுதுங்கள். ஆண்ட்ராய்டு போனில் "லைவ் டிரான்ஸ்கிரைப்" செயலி தமிழ்ப் பேச்சை எழுத்தாகக் காட்டும். மருந்துப் பெயர்களில் தடுமாறும், அதனால் மாத்திரை விவரத்தை எழுதியே வாங்குங்கள். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து உங்களுடையது. புரியும்வரை போடாதீர்கள்.

"காது கேட்காத பொண்ணுக்கு ஒரு கொடுமை நடந்திருக்கு. ஸ்டேஷன்ல அவ சொல்றது யாருக்கும் புரியல. என்ன செய்யறது?"

பாலியல் குற்றங்களில், பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால் போலீஸ் அவர் வீட்டுக்கோ அவருக்கு வசதியான இடத்துக்கோ வந்து, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் முன்னிலையில் வாக்குமூலம் பதிந்து, வீடியோவும் எடுக்கவேண்டும். இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-ஆவது பிரிவில் இருக்கிறது. நீதிமன்றத்தில் எழுத்தாலோ சைகையாலோ சாட்சி சொல்லலாம், அது வாய்மொழிச் சாட்சியாகவே கருதப்படும். புதிய சாட்சியச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு அது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கொடுக்கும்.

மொழிபெயர்ப்பவர் குடும்பத்து ஆளாக இருக்கவேண்டாம். சில நேரம் குற்றவாளியே வீட்டுக்குள் இருப்பான். அருகிலுள்ள சிறப்புப் பள்ளியின் ஆசிரியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பெண்ணுக்கு முறையான சைகை தெரியாது, வீட்டு ஜாடைதான் தெரியும் என்றால், காது கேளாத ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். அந்த ஜாடை நம்மைவிட அவருக்குச் சீக்கிரம் பிடிபடும்.

"ராத்திரி ஆபத்துன்னா போன்ல எப்படிப் பேசறது?"

பேசவேண்டாம். 112 இந்தியா செயலியிலும் தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியிலும் அவசரப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் போய்ச் சேரும். இன்றைக்கே நிறுவி, பெயரும் வீட்டு ஆட்களின் எண்ணும் பதிந்து வையுங்கள். அப்படியே பக்கத்து வீட்டில் ஒருவரோடு பேசி வையுங்கள்: இந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் 108-ஐக் கூப்பிடவேண்டும், இந்தப் படம் வந்தால் கதவைத் தட்டாமல் திறந்து வரவேண்டும் என்று. தட்டினால்தான் கேட்காதே.

"கல்யாணத்துக்கு உதவி உண்டாமே?"

உண்டு. காது கேளாத, பேச முடியாத ஒருவரைக் கேட்கும் திறன் உள்ளவர் மணந்தால் 25,000 ரூபாயும், பட்டம் அல்லது பட்டயம் படித்தவர் என்றால் 50,000 ரூபாயும், 8 கிராம் தங்க நாணயமும். மாற்றுத்திறனாளிகள் இருவர் மணந்துகொண்டாலும் தனித் திட்டம் இருக்கிறது. கல்யாணத்தை முதலில் பதிவு செய்யுங்கள், காலக்கெடுவை மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

"எல்லாத்துக்கும் மனு கொடுத்தாச்சு. கேட்டா 'போன் பண்ணிக் கேளுங்க'ன்னு அனுப்பிடறாங்க. காது கேட்காதவன் எப்படிப் போன் பண்றது?"

இந்த ஒரு பதிலை எத்தனை அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன்! உங்கள் மனுவின் முதல் வரியிலேயே இப்படி எழுதுங்கள்: "எனக்குக் காது கேட்காது. தகவலைக் குறுஞ்செய்தியாகவோ கடிதமாகவோ தெரிவிக்கவும். தொலைபேசியில் அழைக்கவேண்டாம்." திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்குங்கள். ரசீது இல்லாமல் இடத்தை விட்டு நகராதீர்கள்.

நியாயமான காலத்தில் பதில் வராவிட்டால், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். 2016 சட்டப்படி, விசாரணைக்கு ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ரயில்வே, வங்கி போன்ற மத்திய அரசு விஷயம் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். பழைய மனு எண், யூடிஐடி நகல், எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்ற விவரம், இந்த மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேதிகளை எழுதுவதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படி மூன்று நோட்டு இருக்கிறது. கடைசி நோட்டு முழுக்கத் தம்பியே எழுதியது.